பரிசோதகர் எண் முப்பத்தொன்று

பெட்டிங்கில் காலணிக் கம்பெனியில் என் வேலை
தைப்பதல்ல, ஒட்டுவதல்ல.
இடதையும் வலதையும் சேர்த்துவைப்பது.
ஒரே மாட்டின் தோலானாலும்
முதுகு ஒரு நிறம், வயிறு ஒரு நிறம்.
வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.
பொருந்தினால் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு:
பரிசோதித்தவர் 31.
டெல்ஃபீன் வெலெட் என்று எழுத அதில் இடமில்லை.

கம்பெனியைத் தொடங்கியவர் ஏமஸ் பெட்டிங்கில்.
மெய்ன் மாநிலத்து ஆற்றோரம் ஒரு கொட்டகை,
கடனுக்கு எட்டு மெஷின்.
கியூபெக்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களிடம்
இங்கிலீஷ் வேண்டாம், கை போதும் என்றாராம்.
என் அம்மாவின் கையில் ஒரு விரல் குறைவு.
அதுவும் அவர் கணக்கில்தான் சேரும்.

யுத்தம் வந்ததும் ராணுவ பூட்ஸ்.
நாளுக்கு ஆறாயிரம் ஜோடி, மூன்று ஷிஃப்ட்.
ஊரில் தோல் நாற்றம் ஏறாத தலையணை கிடையாது.
மளிகைக்கடை புஷார் அதைச் சம்பள வாசனை என்பான்.
பத்தரை சைஸ் கைக்கு வரும்போதெல்லாம்
எனக்கு ரெமியின் நினைப்பு.
ரெமி திரும்பி வந்தான், முழுசாக.
ஒஹையோக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு.

பிறகு நல்ல வருஷங்கள்.
கூரைமேல் நியான் விளக்கில் இரண்டு ஷூ,
மாறி மாறி எரிந்து
இரவெல்லாம் நடந்துகொண்டேயிருக்கும்.
விற்பனையாட்கள் ஒன்பது மாநிலங்களுக்குப் போனார்கள்,
பெட்டி நிறைய இடது கால் மட்டும்.
வலதையும் கொடுத்தால்
விற்காமல் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.
மனிதர்களை ஏமஸுக்குத் தெரியும்.

ஒரு மார்ச் மாதம், ஃபோர்மேன் வைட்கஸ்
கடல்கடந்து வந்த ஒரு ஷூவை
சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.
விலை, நாங்கள் தோலுக்குக் கொடுப்பதில் பாதி.
திருப்பிப் பார்த்தோம். தையலே இல்லை, பசைதான்.
ஒரு மழைக்குப் பிளந்துவிடும் என்று சிரித்தோம்.
பிளந்தது.
ஜனங்கள் இன்னொன்று வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் மூன்றாம் மாடியை மூடினார்கள்.
அப்புறம் வெள்ளிக்கிழமைகளை.
நியானில் வலது ஷூ அணைந்துபோனது,
மாற்ற யாரும் ஏறவில்லை.
இரண்டு வருஷம் எங்கள் கம்பெனி
ஊர் பார்க்க ஒற்றைக் காலில் நொண்டியது.

கடைசிக் கூட்டம் கேண்டீனில்.
பேரன் வின்ஸ்லோ பெட்டிங்கில் நாற்காலிமேல் ஏறிப் பேசினான்.
குடும்பம் என்ற வார்த்தையை ஏழு தரம் சொன்னான்.
என் கண் உயரத்துக்கு அவன் கால்கள்.
மெல்லிய அடி, நெருக்கத் தையல்,
இத்தாலிச் சரக்கு.
இடது ஒரு சாயல் வெளிறியிருந்தது.
என் மேஜையைத் தாண்டியிருக்காது அது.

ஏலத்தில் மெஷின்கள் இரும்பு விலைக்குப் போயின.
மரக் கால் அச்சுகள், பீப்பாய் ஒரு டாலர்.
மேப்பிள் நன்றாக எரியும்.
அந்தக் குளிரில் பாதி ஊரின் அடுப்பில் பாதங்கள்.
குதிகால்தான் கடைசியில் அணையும்.
மாதிரி அறையில் நானூறு ஷூ, அத்தனையும் இடது.
அவற்றை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் ஹைவே கடையில் ஒரு ஜோடி வாங்கினேன்.
செய்த ஊரின் பெயர் வாயில் நுழையவில்லை.
வீட்டுக்கு வந்து ஜன்னலருகே பிடித்தேன்,
குற்றம் கண்டுபிடிக்கத்தான், வேறெதற்கு.
நிறம், மடிப்பு, துளைகளின் வரிசை,
அரை மணி நேரம் பார்த்தேன்.
அப்படியொரு பொருத்தம்.
காகிதத்தைக் கலைத்தபோது
பெட்டியின் அடியில் துண்டுச் சீட்டு: 14.

பதினான்கே,
உனக்கு அவர்கள்
எந்தப் பக்கத்து ஜன்னலைக் கொடுத்திருக்கிறார்கள்?